குடிவழி தேடல்

தந்தையின் பெயரை அறியாத மாணவர் இலர். பாட்டனார் பெயரையும் பெரும்பாலோர் அறிவர். பாட்டனாரைப் பெற்றவர் பெயர் யாது என்று வினவினால் பலர் தயங்குவர். அவருடைய மனைவியின் பெயரைக் கேட்டாலோ வகுப்பே வாய் மூடிவிடும். விசயாலயன், ஆதித்தன், பராந்தகன் என்று சோழர் வழிமுறையைத் தங்குதடையின்றி ஒப்புவிக்கும் மாணவன், தன் வீட்டுத் திண்ணையைக் கட்டியவர் யார் என்று அறியாதிருத்தல் வியப்பன்றோ? நம் மொழியில் உறவுச் சொற்களுக்குக் குறைவில்லை. பாட்டனின் தந்தை பூட்டன்; பூட்டனின் தந்தை ஓட்டன். கொள்ளுப்பாட்டன், எள்ளுப்பாட்டன் என்று வழங்கும் ஊர்களும் உண்டு. சொற்கள் நிலைத்திருக்கின்றன, அவற்றுக்குரியவர்களின் பெயர்களே மறைந்துபோயின.

அப்பெயர்களைத் தேடிக் காண்பது கற்றுக்கொள்ளக்கூடிய ஒரு கலை. அதற்குப் பெருநகரமும் பெரும் பொருளும் வேண்டுவதில்லை. ஒரு சிறு நகரில் வாழும் மாணவனுக்கு ஒரு குறிப்பேடும், ஓய்வு நாளும், சற்றே பொறுமையும் போதும். தன்னிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு தலைமுறையாகச் சான்று கண்டு, மேலே ஏறிச் செல்லல் வேண்டும். புகழ் பெற்ற ஒருவரை உச்சியில் வைத்துக்கொண்டு அவரிடமிருந்து கீழே இறங்கித் தன் வீட்டை அடைய முயல்வாருளர். அம்முயற்சியில் ஆசையே வழிகாட்டியாக அமைதலின், அது வேண்டிய இடத்துக்கே கொண்டுபோய் விடும்!

முதற் சான்று முதியோர் நினைவு. ஆவணங்கள் இன்னும் பல ஆண்டுகள் காத்திருக்கலாம். தொண்ணூறு வயதுப் பாட்டியார் காத்திரார். ஆதலின் அவரையே முதலில் அணுகுதல் வேண்டும். “எந்த ஆண்டு?” என்று கேட்டால் “யார் கண்டார்?” என்னும் விடையே வரும். “அப்பொழுது ஊரில் என்ன நடந்தது?” என்று கேட்டால் நினைவு பெருகும். “எங்கள் அப்பாயி தாது வருடப் பஞ்சத்தில் கைக்குழந்தையாம்” என்று அவர் கூறுவாராயின், அப்பஞ்சம் 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டியது என்னும் வரலாற்றுச் செய்தியைக் கொண்டு அவ்வம்மையார் பிறந்த காலத்தைக் கணிக்கலாம். எம்டன் கப்பல் சென்னையில் குண்டு வீசியது 1914ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22ஆம் நாள். தனுக்கோடியை அழித்த புயல் வீசியது 1964ஆம் ஆண்டு டிசம்பரில். இத்தகைய நிகழ்ச்சிகள் முதியோர் நினைவில் நட்ட மைல்கற்கள் போல்வன.

தமிழ் ஆண்டுகள் அறுபதும் சுழன்று வருவன ஆதலின் ஈண்டு விழிப்பு வேண்டும். ‘பரிதாபி ஆண்டு ஆவணித் திங்கள்’ என்று ஓர் ஓலையிற் கண்டால், அது 1852ஆகவும் இருக்கலாம், 1912ஆகவும் இருக்கலாம், 1972ஆகவும் இருக்கலாம். நாள், கிழமை, நாண்மீன் ஆகிய மூன்றும் சேர்ந்து எழுதப்பட்டிருப்பின் பழைய பஞ்சாங்கத்தைக் கொண்டு இம்மூன்றனுள் எது பொருந்தும் என்று காணலாம். பெட்டியின் அடியிற் கிடக்கும் சாதகக் குறிப்புக்கு இதனால் ஒரு தனி மதிப்பு உண்டு. கோள்களின் பலனை நம்புவோரும் நம்பாதோரும் அதிலுள்ள பிறந்த நாளை நம்பலாம். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டிற் கண்ட பிறந்த நாளை அவ்வளவு நம்புதற்கில்லை. பிள்ளை கையை வளைத்துக் காதைத் தொட்டால் வயது நிரம்பிற்று என்று கொண்டு, ஆசிரியரே ஒரு நாளை எழுதிச் சேர்த்துக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. பழைய பதிவேடுகளில் ஜூன் முதல் நாளையொட்டிப் பிறந்தோர் அத்துணைப் பேர் காணப்படுவதன் காரணம் இதுவே. வருவாய்த்துறைக் கணக்குகளில் பசலி ஆண்டு வழங்கும். 1300ஆம் பசலி என்பது 1890–91ஆம் ஆண்டு. தென்கோடி மாவட்டங்களின் ஓலைகளிற் காணும் கொல்லம் ஆண்டோடு 824 அல்லது 825 கூட்டிக்கொள்ளல் வேண்டும்.

பெயர்களைப் பற்றியும் சிறிது கூறுதல் வேண்டும். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுதல் தமிழர் வழக்கம். ‘பெயரன்’ என்னும் சொல்லே அதனைக் காட்டும். முருகன் மகன் வேலன், வேலன் மகன் முருகன், முருகன் மகன் வேலன் என்று பெயர்கள் ஒன்றுவிட்டு ஒன்றாக மாறி வரும். இவ்வழக்கம் தேடுவோனுக்கு விளக்காகவும் அமையும், பொறியாகவும் அமையும். பெயர் தெரியாத ஓட்டன் ஒருவர்க்கு இன்ன பெயர் இருந்திருக்கலாம் என்று கருத இஃது இடந்தரும். ஆயின் இரு வேறு தலைமுறையைச் சேர்ந்த முருகர்களை ஒருவராகக் கொண்டு, இடையில் ஐம்பது ஆண்டுகளை விழுங்கிவிடுதலும் எளிது. ஒரே ஊரில் ஒரே பெயரும் ஒரே தந்தை பெயரும் உடைய இருவர் வாழ்தலும் உண்டு. ஆகவே பெயரோடு தெரு, தொழில், நிலத்தின் எல்லை, உடன்பிறந்தார் பெயர் ஆகியவற்றுள் ஒன்றேனும் ஒத்திருந்தாலன்றி ஒருவரே என்று முடிவு செய்தலாகாது.

நிலம் உடைய குடும்பத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகம் ஒரு சுரங்கம். கிரயப் பத்திரத்தில் விற்பவர், வாங்குபவர், அவர்தம் தந்தையர், ஊர், தொழில் ஆகியன எல்லாம் எழுதப்பட்டிருக்கும். நான்கு எல்லைகளையும் கூறுமிடத்துப் பக்கத்து நிலத்தார் பெயர்களும் வரும். பாகப்பிரிவினைப் பத்திரமோ ஒரு குடும்பம் முழுவதையும் ஒரே தாளிற் காட்டிவிடும். உடன்பிறந்தார் வழக்காடினர் என்றால் குடும்பத்துக்கு அது கேடு; வழித்தோன்றலாகிய ஆராய்ச்சியாளனுக்கோ நற்பேறு! வழக்கின் வாதுரையில் மூன்று நான்கு தலைமுறைகளின் வமிசாவளி வரையப்பட்டிருக்கும். பிறப்பு இறப்புப் பதிவுகள் சென்னை மாகாணத்தில் 1899ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியும், பின்னர் நாடு முழுமைக்கும் ஆக்கப்பட்ட 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியும் எழுதப்பட்டு வந்தன. குடிக்கணக்கெடுப்பை நம்பிப் பயனில்லை. இங்கிலாந்தில் வீடுதோறும் எடுத்த பழைய பட்டியல்களைக் காத்து வைத்து, நூறாண்டு கழிந்தபின் மக்கள் பார்வைக்கு வைக்கின்றனர். நம் நாட்டிலோ தொகை கூட்டி முடிந்தபின் வீட்டுத் தாள்களைக் கழித்துவிட்டனர். சென்னை எழும்பூரில் 1909ஆம் ஆண்டில் எழுந்த செந்நிறக் கட்டடத்தில் உள்ள ஆவணக் காப்பகத்தில் 1860களின் இனாம் பதிவேடுகள் உள்ளன. கோயிற்பணிக்கோ ஊர்ப்பணிக்கோ மானியம் பெற்றிருந்த குடும்பத்தார் அவற்றில் தம் முன்னோர் பெயரைக் காணக்கூடும்.

இவையெல்லாம் ஓரூரில் எவ்வாறு பொருந்திவரும் என்பதைக் காண்போம். மயிலாடுதுறை மாவட்டத்துக் கடற்கரையில் உள்ள தரங்கம்பாடி சிறியதொரு நகரம். அங்கே மாசிலாமணிநாதர் கோயில் உளது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட குலசேகர பாண்டியன் காலக் கல்வெட்டில் இவ்வூர் ‘சடங்கன்பாடி’ எனப்படுகின்றது. 1620ஆம் ஆண்டில் தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கரிடம் இசைவு பெற்று டேனியர் இங்குக் கோட்டை கட்டினர். 1845ஆம் ஆண்டில் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்குத் தரங்கம்பாடியையும் வங்கத்துச் சீராம்பூரையும் ஆங்கிலக் கும்பினியாருக்கு விற்றுவிட்டுச் சென்றனர். ஆகவே 1845க்கு முன் வாழ்ந்த தரங்கம்பாடியார் ஒருவரைப் பற்றிய அரசாங்கப் பதிவு டேனிய மொழியில், கோபன்ஹேகன் நகரத்து ஆவணக் காப்பகத்தில் இருக்கும். அதன்பின் வாழ்ந்தவரைத் தஞ்சாவூர் மாவட்டக் கணக்குகளிற் காணல் வேண்டும். 1991ஆம் ஆண்டில் இவ்வூர் நாகப்பட்டினம் மாவட்டத்தைச் சேர்ந்தது. 2020ஆம் ஆண்டில் மயிலாடுதுறை மாவட்டத்தைச் சேர்ந்தது. ஊர் ஓரிடத்திலேயே இருப்ப, அதன் ஏடுகள் நான்கு திசையிற் சிதறிக் கிடக்கின்றன. தன் ஊர் எந்த ஆண்டில் எந்த ஆட்சியின்கீழ் இருந்தது என்று அறிந்துகொள்ளாமல் ஏடு தேடப் புறப்படுவோன் வீண் அலைச்சலே அடைவான்.

1706ஆம் ஆண்டில் சீகன்பால்கு, புளூட்சோ என்னும் செருமானியப் பாதிரிமார் இருவர் தரங்கம்பாடியில் இறங்கினர். மறு ஆண்டு மே திங்களில் ஐவர்க்கு முதன்முதலாகத் திருமுழுக்கு அளிக்கப்பட்டது. அவ்வைவரும் டேனியர் வீடுகளில் அடிமைகளாய் இருந்தவர்கள். 1718ஆம் ஆண்டில் புதிய எருசலேம் ஆலயம் திறக்கப்பட்டது. திருச்சபைப் பதிவேடு குடிவழி தேடுவோனுக்குக் கிடைக்கும் செல்வங்களுள் தலையாயது. பிள்ளையின் பெயர், பிறந்த நாள், திருமுழுக்குப் பெற்ற நாள், பெற்றோர் பெயர், ஞானப்பெற்றோர் பெயர் எனப் பலவும் அதில் இருக்கும். தாயின் பெயர் விடுபடாது. ஆயின் ஓர் இடர்ப்பாடும் உண்டு. மதம் மாறியவர்கள் புதுப்பெயர் பெற்றனர். தமிழ்நாட்டில் முதன்முதலாக 1733ஆம் ஆண்டில் லுத்தரன் சபைக் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்ட தமிழராகிய ஆரோன் என்பவர், கடலூரில் பிறந்தபோது பெற்றிருந்த பெயர் ஆறுமுகம். இருபெயரும் ஒருவர்க்கே உரியன என்று எழுதிவைத்தார் இருந்தமையால் நாம் இன்று அறிகின்றோம். அவ்வாறு எழுதிவைக்கப்பெறாத எளியோர் பலர். அவர்தம் வழித்தோன்றல்களுக்கு வழி அத்திருமுழுக்கு நாளோடு நின்றுவிடுகின்றது. செருமனியில் உள்ள ஹாலே நகருக்குப் பாதிரிமார் அனுப்பிய கடிதங்களும் அறிக்கைகளும் அவ்வூர்க் காப்பகத்தில் உள்ளன. தமிழ் ஓலைச்சுவடிகளும் அங்கே உள்ளன. அக்காலக் கையெழுத்தைப் படிக்க இன்றைய செருமானியர்க்கே தனிப்பயிற்சி வேண்டும் என்பர்.

இத்துணைப் பதிவுகள் இருந்தும், அலையோரத்துக் குப்பத்தில் தலைமுறை தலைமுறையாகக் கட்டுமரம் செலுத்தி வரும் குடும்பத்தார் அவற்றில் அரிதாகவே தோன்றுவர். கடலுக்குப் பட்டா இல்லை. ஆதலின் அவர்களுக்குப் பத்திரமும் இல்லை. அவர்கள் குடிவழியைக் காணவேண்டுமாயின் கோயில் திருவிழாக் கணக்கைப் பார்த்தல் வேண்டும். மணமான ஒவ்வோர் ஆடவரையும் ஒரு தலைக்கட்டாகக் கொண்டு வரி எழுதுவது கடற்கரை ஊர்களின் வழக்கம். ஓர் இளைஞனின் பெயர் எந்த ஆண்டு வரிப்பட்டியலில் புதிதாக ஏறிற்றோ அவ்வாண்டிற்கு அணித்தாக அவன் திருமணம் நிகழ்ந்தது என்று துணியலாம். முசுலிம் குடும்பத்தார்க்குப் பள்ளிவாசலில் உள்ள நிக்காஹ் பதிவேடு துணைசெய்யும். பழைய நோட்டுப் புத்தகம்தானே என்று கருதி இவற்றை எடைக்குப் போடுவோரைக் காணுந்தோறும் என் நெஞ்சம் பதைக்கும்.

தரங்கம்பாடியில் ஏடுகளுக்குக் கறையான் ஒன்றே பகையன்று. பழைய சிவன் கோயிலின் முன்பகுதியைக் கடல் அரித்துவிட்டது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை புகுந்தபொழுது உயிர்களோடு வீடுகளும், வீடுகளிலிருந்த பெட்டிகளும், பெட்டிகளிலிருந்த தாள்களும் போயின. சிறு நகரத்து மாணவர்கள் தம் வீட்டுப் பத்திரங்களையும் பழைய நிழற்படங்களையும் இன்று கைப்பேசியிற் படமெடுத்து, உறவினர் இருவர் மூவருக்கு அனுப்பி வைத்தால், ஒரு வீட்டில் அழிவது மற்றொரு வீட்டில் நிலைக்கும். நிழற்படத்தின் பின்புறம் பெயர்களைப் பென்சிலால் எழுதிவைத்தலும் நன்று. நூறாண்டுப் படத்தில் பட்டுப்புடைவை தெளிவாகத் தெரியும். உடுத்தியவர் யார் என்பது தெரியாது.

குடிவழிப் படம் வரையும்பொழுது பெரும்பாலோர் ஆண்வழியை மட்டுமே வரைவர். அஃது அரைப் படமே. ஒருவர்க்குப் பாட்டன் பாட்டியர் நால்வர்; அவர்களைப் பெற்றோர் எண்மர்; பத்துத் தலைமுறை மேலே சென்றால் 1,024 பேர். அவர்களுள் ஆண்வழி காட்டுவது ஒருவரை மட்டுமே. மேலும் மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று உறவிலேயே கொண்டும் கொடுத்தும் வந்த குடும்பங்களில் இக்கணக்குச் சுருங்கும். தாய்மாமனை மணந்த பெண்ணின் பிள்ளைக்குத் தந்தைவழிப் பாட்டனே தாய்வழியிற் பூட்டனும் ஆவார்! மேனாட்டார் மரம் போல் வரையும் படத்தில் இவ்வுறவு அடங்காது. கோடுகள் பின்னிப் பின்னி வலையாகிவிடும். பெண்வழியைத் தேடுவது அரிது என்பதும் உண்மையே. 1951–52ஆம் ஆண்டுகளில் நடந்த முதற் பொதுத்தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் எழுதியபொழுது, வடமாநிலங்களிற் பெண்கள் பலர் தம் பெயரைக் கூறாது, ‘இன்னார் மனைவி’, ‘இன்னார் தாய்’ என்றே கூறினர். அன்று தேர்தல் ஆணையராய் விளங்கிய சுகுமார் சென், பெயரில்லாப் பதிவு செல்லாது என்று கட்டளையிட்டார். ஏறத்தாழ 28 இலட்சம் பெண்கள் பட்டியலினின்று நீங்க நேர்ந்தது. நம் பத்திரங்களிலும் கல்லறைகளிலும் இவ்வாறு மனைவியராகவும் தாயராகவும் மட்டுமே நிற்போர் எண்ணிலர். ஆகவே பாட்டியாரிடம் கேட்கும்பொழுது அவருடைய தாயின் பெயரையும், அத்தாயின் பிறந்த ஊரையும் மறவாது கேட்டல் வேண்டும். அவ்விரு செய்திகளும் வேறு எந்த அலுவலகத்திலும் கிடையா.

தேடத் தொடங்கியவர் விரும்பாததையும் காண நேரும். குலப்பெருமை நாடுதல் பழைய நோய். 1905ஆம் ஆண்டிற் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடுகள் இராசேந்திர சோழன் முன்னோரைக் கதிரவனிலிருந்து தொடங்குகின்றன. மனுவும் சிபியும் வந்த பின்னரே விசயாலயன் வருகின்றான். வேந்தர் செய்ததைப் பின்னாளிற் குடிகளும் செய்தனர். ஆங்கிலேயர் காலக் குடிக்கணக்கெடுப்பில் தத்தம் சாதிக்கு உயர்ந்த பெயரை எழுத வேண்டும் என்று சங்கங்கள் விண்ணப்பம் விடுத்தன; அதற்கென்றே குல வரலாறுகளும் அச்சேறின. அவற்றைச் சான்றாகக் கொள்ளுமுன் பலகால் எண்ணல் வேண்டும். மெய்யான ஏடுகளில் ஒருவனுடைய முன்னோர் கடன்பட்டவராகவும், பஞ்சத்தில் ஊரைவிட்டு ஓடியவராகவும் தோன்றலாம். சிலர்க்கு அதனினும் கொடிய செய்தி காத்திருக்கும். மாந்தரை விற்றும் ஒற்றி வைத்தும் எழுதிய அடிமை ஓலைகள் நம் நாட்டில் உண்டு. நாஞ்சில்நாட்டு அழகியபாண்டியபுரம் முதலியார் இல்லத்து ஓலைகளுள் அத்தகையன உள்ளன. கும்பினி ஆட்சிப் பகுதிகளில் அடிமையுரிமையை நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என்று 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் விதித்தது. அதற்கு முற்பட்ட பத்திரம் ஒன்றில் ஒருவன் தன் ஓட்டனின் பெயரை விற்பவர் வரிசையிலோ வாங்குபவர் வரிசையிலோ காணாமல், விற்கப்பட்ட பொருள்களின் வரிசையிற் காணக்கூடும். மற்றொருவன் தன் ஓட்டனின் கையெழுத்தை அதே பத்திரத்தில் விற்றவர் இடத்திற் காணக்கூடும். இருவரும் அதனை உள்ளவாறே குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளல் வேண்டும். பின்னவனுக்கு அழித்துவிடும் ஆசை எழும். அவன் அழிப்பது பிறன் ஒருவனுடைய முன்னோரின் ஒரே சுவட்டை என்பதை எண்ணுவானாக.

கடல் கடந்து சென்றோரின் வழித்தோன்றல்களும் இன்று நம் ஊர்களை நாடி வருகின்றனர். 1860ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 16ஆம் நாள் ‘துரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் தர்பன் துறையை அடைந்தது. 1911 வரையில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கரும்புத் தோட்டங்கள் முதலியவற்றில் உழைக்க ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்; அவருட் பெரும்பாலோர் சென்னைத் துறைமுக வழியே சென்றவர். அவர்களைப் பற்றிய கப்பற் பட்டியல்களில் ஒவ்வொருவர்க்கும் ஓர் எண் உண்டு. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, ஊர், உடலிலுள்ள அடையாளம் ஆகியனவும் உண்டு. எழுதியவன் தன் காதில் விழுந்தவாறு ஆங்கில எழுத்தில் எழுதினான். தரங்கம்பாடியை ‘டிராங்குபார்’ என்றும் பழவேற்காட்டைப் ‘புலிகாட்’ என்றும் ஆக்கிய காதுகள் அல்லவா அவை! நான்கு தலைமுறைக்குப்பின் அப்பட்டியலின் படியொன்றைக் கையிற் கொண்டு வரும் ஒருவர், அவ்வூர்ப்பெயர் எந்த ஊரைக் குறிக்கின்றது என்று கேட்பார். வாய்விட்டுப் பலமுறை சொல்லிப் பார்த்தால் உள்ளூரார்க்கு விளங்குவது பெரிய ஆராய்ச்சியாளர்க்கும் விளங்காது. மேட்டுத் தெரு, கீழத் தெரு என்பன போன்ற பெயர்களும், மறைந்துபோன குப்பங்களின் பெயர்களும் அவ்வூர் முதியோர்க்கே தெரியும்.

வந்தவர் ஊரைக் கண்டுகொண்டாலும் குடும்பத்தைக் காண்டல் வேண்டுமே. அதற்கு இங்குள்ளார் ஏடு துணைசெய்தாலன்றி வழியில்லை. பல வீடுகளில் “பெரிய தாத்தாவின் தம்பி ஒருவர் கப்பலேறிப் போனார், பிறகு செய்தியில்லை” என்று கூறுவர். அவர்க்குப் பிள்ளை இல்லை என்று எண்ணிப் பெயரையே விட்டுவிடுதல் வழக்கமாயிற்று. குடிவழிப் படம் வரையும் மாணவன் அவர் பெயரையும், ஏறத்தாழ எந்த ஆண்டிற் புறப்பட்டார் என்பதையும், உடலில் மச்சமோ தழும்போ இருந்ததாகச் சொல்லக் கேட்டிருப்பின் அதனையும் எழுதி, அதன்கீழ் இரண்டு விரற்கிடை இடம் விட்டு வைப்பானாக.